முத்தம்மாவின் முப்பது நாள்

"இத்த நிறுத்தணும்மா" என்றார், கவுன்ட்டரில் என் எதிரே வந்து உட்கார்ந்த அம்மாள்.

கையிலிருந்த பொட்டலத்தை என் மேஜை மேல் வைத்துப் பிரித்தார். மஞ்சள் நிறத்தில் ஒரு குழந்தைத் துவாலை, ஓரத்தில் வாத்துப் படம். அதற்குள் ஒரு செல்போன்.

"கனெக்‌ஷன் யார் பேர்லம்மா இருக்கு?"

"சாய்நாத் தம்பி பேர்ல. அடையார் காந்தி நகர்ல இருந்தாங்கோ. போன மாசம் பொண்டாட்டி புள்ளைங்களோட அமெரிக்கா போய்ட்டாங்கோ. மாமனாரு மயிலாப்பூர்ல கீறாரு. அவருதான் இத்த ஆபீஸ்ல குடுத்துட்டு வந்துடுன்னாரு."

"குடுத்தா மட்டும் போதாதும்மா. சாய்நாத் சார் கையெழுத்து போட்ட லெட்டர் வேணும்."

"போனே இங்க கீது. இதுக்கு மேல இன்னா லெட்டரு?"

"போன் அவரோடது. லைன்தான் எங்களோடது. லைன் வேணாம்னா எழுதித் தரணும். லெட்டர் எங்க கைக்கு வந்து முப்பது நாள் கழிச்சுத்தான் நிறுத்துவோம்."

"முப்பது நாளா?"

"ஆமாம்மா. அது ரூல்."

"அதுவரிக்கும் மணி அடிக்குமா?"

"அடிக்கும்."

"எடுத்தா பேசலாமா?"

"பேசலாம்."

அவர் துவாலையின் நான்கு மூலைகளையும் மறுபடி மடித்தார். தூங்கும் குழந்தையைப் போர்த்துவதுபோல, மடிப்பை உள்ளே செருகினார்.

"அப்ப சரி. நல்ல ரூலுதான். சொல்லாம கொள்ளாம திடீர்னு நின்னா நல்லாவா இருக்கும்? எனக்கு அஞ்சு பேருக்குச் சொல்லணும். அதுக்குள்ள சொல்லிர்றேன்" என்று எழுந்து போய்விட்டார்.

1998ஆம் வருடம் ஜூலை மாதக் கடைசி அது. தியாகராய நகரில், பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு தெருவில் இருந்தது எங்கள் அலுவலகம். இணைப்பு வேண்டாம் என்று வருகிறவர்களுக்கான கவுன்ட்டரில் நான் இருந்தேன். முப்பது நாள் என்ற வார்த்தையைக் கேட்டதும் சிலர் மேஜையைத் தட்டுவார்கள், சிலர் மானேஜரைக் கூப்பிடு என்பார்கள். ஒருவர் போனையே தரையில் போட்டு உடைத்துவிட்டு, "இப்போ நிறுத்து" என்றிருக்கிறார். நல்ல விதி என்று சொன்னவர் இவர் ஒருவர்தான்.

அவர் பெயர் முத்துலட்சுமி. வேலைக்குப் போகும் வீடுகளில் முத்தம்மா. சைதாப்பேட்டையில் ஆற்றோரக் குடிசைகளில் ஒன்றில் தனியாக இருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். பிறந்த குழந்தைகளைக் குளிப்பாட்டுவது அவருடைய வேலை. காலை ஆறரைக்கு மந்தைவெளியில் ஒரு குழந்தை, எட்டரைக்கு மயிலாப்பூரில் ஒன்று, பத்தரைக்கு அடையாற்றில் ஒன்று என்று பஸ் மாறி மாறிப் போவார். வெந்நீரும் எண்ணெயும் பயத்தமாவும் வீட்டுக்காரர்கள் எடுத்து வைத்திருக்க வேண்டும். இவர் புடவையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகிக்கொண்டு மணையில் உட்கார்ந்து கால்களை நீட்டுவார். இரண்டு கெண்டைக்கால்களும் சேரும் பள்ளத்தில் குழந்தை குப்புறக் கிடக்கும். அதுவரை வீட்டையே இரண்டாக்கிக்கொண்டிருந்த குழந்தை, அவர் உள்ளங்கை முதுகில் பட்டதும் யோசிக்கத் தொடங்கிவிடும். குளித்து முடித்துச் சாம்பிராணிப் புகை காட்டித் தூளியில் போட்டால் மூன்று மணி நேரம் சத்தமிருக்காது. அந்த மூன்று மணி நேரத்துக்காகவே தாய்மார்கள் அவரைத் தேடினார்கள்.

அவரிடம் செல்போன் வந்த கதை இது. சாய்நாத்தின் மனைவி நீரஜாவுக்கு எட்டாம் மாதத்திலேயே இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. இரண்டும் உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவு. குழந்தை தும்மினாலும் நீரஜாவுக்குப் பயம், தும்மாவிட்டாலும் பயம். "முத்தம்மா எங்க இருக்காங்கன்னு தெரிஞ்சாலே எனக்குப் போதும்" என்று அவள் அழுததைப் பார்த்து, சாய்நாத் தன் பெயரில் இரண்டாவது இணைப்பு ஒன்றை வாங்கி முத்தம்மாவிடம் கொடுத்துவிட்டார். குழந்தைகள் தேறி, நடந்து, ஓடத் தொடங்கிய பிறகும் அவர் அதைத் திருப்பிக் கேட்கவில்லை. முத்தம்மா அதை இனாயத் பாயின் தையல் கடையில் சார்ஜ் போட்டு வாங்கிக்கொள்வார். கரையோரத்தில் அவர் குடிசைக்குப் பக்கத்தில் இருந்த கடை அது.

அந்த எண்ணின் பழைய பில்களை எடுத்துப் பார்த்தேன். இரண்டு வருடங்களில் அதிலிருந்து ஒரு அழைப்புகூட வெளியே போயிருக்கவில்லை. உள்ளே வந்தவை மட்டும்தான். அவற்றிலும் எதுவும் நாற்பது விநாடியைத் தாண்டவில்லை. அவர் பேசுவதைப் பிறகு நேரில் கேட்டபோது காரணம் புரிந்தது. "ஆங். எப்ப பொறந்திச்சு? பொண்ணா? நல்லதாப் போச்சு. நாளைக்கு வரேன். வை." உள்ளே வரும் அழைப்புக்கும் காசு பிடித்த காலம் அது. அடுத்தவர் காசில் ஓடும் பேச்சு என்பதால் நின்றுகொண்டேதான் பேசுவார்.

அவர் சொன்ன ஐந்து பேரும் அவரை நம்பியிருந்த கர்ப்பிணிகள். அவர்களுக்குச் சொல்வதில் ஒரு சிக்கல் இருந்தது. வளைகாப்பு அன்றைக்கு வெற்றிலை பாக்கு வைத்து முத்தம்மாவிடம் சொல்லிவைப்பார்கள். வெற்றிலையை வாங்கிக்கொண்டால் அந்தக் குழந்தை அவருடையது. வேறு யார் எவ்வளவு அழைத்தாலும் அந்த நாள்களை விட்டுக்கொடுக்க மாட்டார். ஆனால் வளைகாப்பு முடிந்ததும் பெண் பிறந்த வீட்டுக்குப் போய்விடுவாள். புகுந்த வீடுதான் இவருக்குத் தெரியும். பிறந்த வீடு எங்கே என்று தெரியாது. குழந்தை பிறந்ததும் அங்கிருந்து யாராவது போன் செய்வார்கள், இவர் விலாசம் கேட்டுக்கொண்டு போவார். அலமாரிக் கதவின் உட்புறத்திலும், நாள்காட்டியின் பின்னட்டையிலும் எழுதி வைத்திருக்கும் அந்த எண் ஒன்றுதான் இடையில் இருக்கும் பிடி.

மறுநாள் சாய்நாத்தின் மாமனார் சந்திரமௌலி வந்தார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. கடிதத்தை மூன்று பிரதிகள் தட்டச்சு செய்து கொண்டுவந்திருந்தார். உடனடியாக அமலுக்கு வரும்படி இணைப்பை ரத்து செய்க என்று எழுதி, கீழே தன் கையெழுத்தைப் போட்டிருந்தார்.

"நான் முப்பத்தெட்டு வருஷம் சர்க்கார் உத்தியோகம் பார்த்தவன். நோட்டீஸ் எப்படிக் கொடுக்கணும்னு எனக்குச் சொல்லித் தர வேண்டாம்மா" என்று ஆரம்பித்தார்.

"லெட்டர் நல்லா இருக்கு சார். கையெழுத்துதான்…"

"ஏன், கையெழுத்துக்கு என்ன?"

"அப்ளிகேஷன்ல சாய்நாத் சார் போட்டிருக்கிற கையெழுத்து வேணும்."

"அவர் கலிஃபோர்னியாவுல உட்கார்ந்துண்டிருக்கார். பொண்ணையே அவர் கையில பிடிச்சுக் கொடுத்திருக்கேன். அவருக்குப் பதிலா ஒரு கையெழுத்துப் போட எனக்கு உரிமை இல்லையா?"

வரிசையில் பின்னால் நின்றவர் சிரித்துவிட்டார். சந்திரமௌலி திரும்பிப் பார்த்தார். பிறகு அவருக்கும் சிரிப்பு வந்தது.

"சரி, ஃபேக்ஸ் அனுப்பச் சொல்றேன். ஆனா முப்பது நாள் எதுக்கு? எங்காத்துல யாரும் அதைத் தொடறதுகூட இல்லை. யாருக்கு என்ன பிரயோஜனம்?"

எனக்குப் பதில் தெரிந்திருந்தது. சொல்லவில்லை. அவர்தான் பில் கட்டுகிறவர். கோபித்துக்கொண்டு போனை முத்தம்மா கையிலிருந்து வாங்கிவிட்டால்?

ஆகஸ்ட் பத்தாம் தேதி காலையில் ஃபேக்ஸ் வந்திருந்தது. இரண்டே வரி. கீழே கையெழுத்து, விண்ணப்பத்தில் இருந்தது போலவே, கடைசி எழுத்தின் வாலோடு. அன்றே முத்தம்மாவும் வந்தார். அன்றிலிருந்து எண்ணினால் செப்டம்பர் ஒன்பது என்று சொன்னேன். குரலைத் தாழ்த்திக்கொண்டு இன்னொன்றும் சொன்னேன். "வேணும்னா நான் இதை ஒரு வாரம் கழிச்சுப் பதியறேன். யாருக்கும் தெரியாது."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாத்துக்கு? அந்தத் தம்பி எனக்குக் கெடுதலா பண்ணிச்சு? இன்னிக்கு வந்தத இன்னிக்குன்னே எய்து. முப்பது நாளு எனக்குப் போதும்."

நான் பத்தாம் தேதி என்றே எழுதினேன்.

அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒரு முறையாவது அலுவலகத்துக்கு வருவார். எத்தனை நாள் பாக்கி என்று கேட்க வருவதாகச் சொல்வார். எண்ணிக்கை அவருக்குத் தெரியும். போய்வந்த கதையைச் சொல்லத்தான் வந்தார் என்று நினைக்கிறேன்.

முத்தம்மா அந்த வீடுகளுக்கு வெறுங்கையோடு போகவில்லை. போன் நிற்கப் போகிறது, இனி இனாயத் பாய் கடை எண்ணுக்குப் போன் செய்து சொல்லுங்கள், அவர் எனக்குச் சொல்லிவிடுவார் என்பதுதான் செய்தி. அதைச் சொல்ல, கல்யாணத்துக்கு அழைப்பதுபோல ஒரு தட்டும் கற்கண்டும் எடுத்துக்கொண்டு போனார். கருவுற்ற பெண் இருக்கும் வீட்டுக்குப் போய், இருந்தது நின்றுபோகிறது என்று சும்மா சொல்லக் கூடாதாம்.

"மந்தைவெளி மாமியாரு தட்டப் பாத்துட்டு, 'யாருக்குக் கல்யாணம் முத்தம்மா?'ன்னு கேக்குது. கல்யாணம் இல்லம்மா, போனு போவுதுன்னேன். 'எங்க போறது?'ன்னு கேக்குது."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"மாமியார் வூட்டுக்குன்னேன்."

அங்கே விலாசம் வாங்கிக்கொண்டு தாம்பரத்தில் இருந்த பெண்ணின் அம்மா வீட்டுக்குப் போனார். அடுத்த வாரம் மயிலாப்பூர் வீட்டில் கேட்டுப் பெரம்பூர் போனார். மழை பெய்த ஒரு நாளில் திருவான்மியூர். நான்காவது வீட்டுப் பெண்ணுக்குப் பிறந்த வீடு அடுத்த தெருதான். "இவ எதுக்கும்மா பெட்டி கட்டிக்கினு போனா? சன்னல்லேர்ந்து கூப்ட்டா கேக்கும்" என்று வருத்தப்பட்டார். ஆகஸ்ட் முடிவதற்குள் நான்கு பேருக்குச் சொல்லியாயிற்று.

ஐந்தாவது பெண் நிஷா.

நிஷாவுக்கு வளைகாப்பும் இல்லை, போவதற்குப் பிறந்த வீடும் இல்லை. வடபழனியில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில், மே மாதம், வேறு ஒரு குழந்தையைப் பார்க்கப் போன இடத்தில் முத்தம்மா அவளைப் பார்த்திருக்கிறார். பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாளாம். சினிமாவில் உடைகள் தைக்கும் இடத்தில் வேலை. கணவன் படப்பிடிப்புகளில் விளக்குப் பிடிப்பவன், அன்று வெளியூரில். வீட்டுக்குத் தெரியாமல் கல்யாணம் செய்துகொண்டவர்கள் என்பதால் இரண்டு பக்கத்திலும் யாரும் வருவதில்லை. முத்தம்மா குழந்தையைத் துடைத்துச் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், "எனக்கும் வருவீங்களா?" என்று கேட்டாளாம்.

"வெத்தல வெச்சாத்தான் வருவேன்னு வெளாட்டுக்குச் சொன்னேன். அந்தப் பொண்ணு பைய நோண்டி ஒரு ஆரஞ்சு முட்டாய எடுத்துக் குடுத்திச்சு. இதான் இருக்குன்னுது."

"வாங்கிட்டீங்களா?"

"வாங்கித் தின்னுட்டேனே! அப்புறம் இன்னா பேச்சு? வெத்தல வாங்குன மாதிரிதான."

அவளுடைய மருந்துச் சீட்டின் பின்னால் தன் எண்ணை எழுதிக்கொடுத்துவிட்டு வந்தார். வீடு எங்கே என்று கேட்கத் தோன்றவில்லை. நிஷா அதன் பிறகு இரண்டு முறை போன் செய்தாள். புளிப்பு தின்னலாமா என்று ஒரு முறை. குழந்தை அசைகிற மாதிரி இருக்கிறது, அசைகிறதா அல்லது எனக்குப் பசியா என்று ஒரு முறை. இரண்டும் வெவ்வேறு பொதுத் தொலைபேசிகளிலிருந்து. அந்த எண்கள் பில்லிலும் இல்லை.

டிசம்பரில் அவளுக்குப் பிரசவம். ஒன்பதாம் தேதிக்குள் அவள் ஒரு முறை கூப்பிட்டால் போதும். இனாயத் பாய் கடை எண்ணைச் சொல்லிவிடலாம். கூப்பிடாவிட்டால், டிசம்பரில் பச்சைக் குழந்தையோடு அவள் தேடும்போது இவர் இருக்க மாட்டார்.

"வெத்தல வெச்சவங்களுக்கு மாமியாரு, அம்மா, அத்தன்னு பத்து பேரு கீறாங்கோ. நான் போலைன்னா ஒண்ணும் குடி முயிகிடாது. இதுக்கு நான்தான" என்றார்.

செப்டம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை வடபழனிக்கு நானும் அவரோடு போனேன். நர்சிங் ஹோமில் பதிவேட்டைப் புரட்டிய பெண், "நிஷா, வடபழனி. அவ்வளவுதான் இருக்கு" என்றாள்.

"வடபழனில எங்கம்மா?"

"அதான் சொல்றேனே, வடபழனி."

"முருகரு கூட வடபழனிதான். அவருக்குக்கூட தெரு பேரு கீதே" என்றார் முத்தம்மா. அந்தப் பெண் பதிவேட்டை மூடிவிட்டாள்.

தையல் கடைகளில் கேட்டோம். பஸ் டிப்போவுக்கு எதிரே ஜூஸ் கடையில் கேட்டோம். "கர்ப்பமா இருக்கிற பொண்ணா? காலைலேர்ந்து இருபது பேர் போயிருப்பாங்க" என்றார் கடைக்காரர். கோயில் வாசலில் முத்தம்மா ஒரு ஓரமாக உட்கார்ந்துகொண்டு வருகிற பெண்களின் வயிற்றைப் பார்த்தார். "அது ஏயு மாசம். அதுக்கு இன்னிக்கோ நாளைக்கோ. அது வெறும் சோறு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நிஷா வரவில்லை. துவாலைக்குள் இருந்த போனைப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எடுத்து, சிக்னல் கோடுகள் நிற்கின்றனவா என்று என்னிடம் காட்டினார்.

ஒன்பதாம் தேதி புதன்கிழமை. காலை பத்து மணிக்கு வந்து, வாடிக்கையாளர்கள் உட்காரும் சோபாவின் ஓரத்தில் அமர்ந்தார். அன்று மூன்று வீடுகளிலும் விடியற்காலையிலேயே குளிப்பாட்டி முடித்துவிட்டாராம். போன் மடியில் இருந்தது. மாலை ஆறு மணிக்கு இணைப்பு தானாக நின்றுவிடும் என்று சொல்லியிருந்தேன்.

பன்னிரண்டு மணி வாக்கில் ஒரு முறை அடித்தது. அவர் எழுந்து நின்றார். ராங் நம்பர். மூன்று மணிக்கு மறுபடி அடித்தது. நீரஜா, அமெரிக்காவிலிருந்து. அங்கே அப்போது நள்ளிரவு தாண்டியிருக்கும்.

"தூங்கலியா கண்ணு நீ?… ரெண்டும் நல்லா கீதா?… பல்லு மொளச்சிச்சா சின்னதுக்கு அந்தப் பக்கம்?… எண்ண வெச்சு விடு. வெக்கப்படாத, அங்க யாரு பாக்கப் போறா… சரி வை. பைசா ஓடுது." துவாலையின் முனையால் போனின் முகத்தை ஒரு முறை துடைத்தார். தன் முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை.

ஆறு மணிக்குக் கோடுகள் மறைந்தன. அவர் போனை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"இப்ப அது கூப்ட்டா இன்னா ஆவும்?"

"ஒரு ரெக்கார்டு பேசும்."

"இன்னான்னு?"

கவுன்ட்டரில் இருந்த தொலைபேசியிலிருந்து அந்த எண்ணை அழுத்தி ரிசீவரை அவரிடம் கொடுத்தேன். முதலில் ஆங்கிலத்திலும் பிறகு தமிழிலும் அது சொல்லும். நீங்கள் அழைத்த எண் உபயோகத்தில் இல்லை. இரண்டும் என் குரல். தமிழ்ப் பள்ளியில் பாதி, ஆங்கிலப் பள்ளியில் பாதி படித்தவள் என்பதால், வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னைப் படிக்கச் சொல்லிப் பதிவு செய்திருந்தார்கள்.

அவர் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமல் என் முகத்தைப் பார்த்தார்.

"இது நீதான?"

"ஆமாம்."

"இல்லைன்னு சொல்றியே கண்ணு" என்றார். "வவுத்துல புள்ளையோட கூப்புடற பொண்ணுகிட்ட, இல்லைன்னா சொல்லுவாங்கோ? நான் செத்துட்டேன்னுல்ல நெனச்சிக்கும் அது."

கோபம் இல்லை அவரிடம். ரிசீவரை மெதுவாக வைத்துவிட்டு, சந்திரமௌலியிடம் கொடுப்பதற்காகப் போனைத் துவாலையோடு எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போய்விட்டார்.

மறுநாள் எங்கள் மானேஜர் சுவாமிநாதனிடம் பேசினேன். அதுவரை அவரிடம் நானாகப் போய் எதுவும் கேட்டதில்லை. நின்றுபோன எண்களுக்கு ஒலிக்கும் அந்தப் பதிவை மாற்ற வேண்டும், எங்கள் கவுன்ட்டர் எண்ணை அதில் சேர்க்க வேண்டும் என்றேன்.

"ஒருத்தருக்காகவா?"

"எல்லாருக்கும்தான் சார்."

"எல்லாரும் இங்க போன் பண்ணுவாங்களேம்மா. யார் எடுக்கறது?"

"நான் எடுக்கிறேன்."

"எழுதிக் குடு, பார்க்கலாம்" என்றார். ஊர்க்காரர்களிடமெல்லாம் கடிதம் எழுதி வாங்கும் எனக்கு, அந்த ஒரு பக்கத்தை எழுத இரண்டு நாள் ஆயிற்று. செப்டம்பர் இருபத்து மூன்றாம் தேதிதான் புதிய பதிவு வந்தது. நீங்கள் அழைத்த எண் மாறிவிட்டது, விவரம் அறிய இந்த எண்ணை அழையுங்கள்.

நிறுத்திய எண்ணை ஆறு மாதம் வரை வேறு யாருக்கும் தருவதில்லை என்பது எங்கள் வழக்கம். அதனால் டிசம்பரிலும் அந்தப் பதிவு இருக்கும். ஆனால் இடையில் பதினான்கு நாள்கள் பழைய பதிவுதான் இருந்தது. அந்த நாள்களில் அவள் கூப்பிட்டிருந்தால்? அதை நான் முத்தம்மாவிடம் சொல்லவில்லை.

சுவாமிநாதன் சொன்னது நடந்தது. ஊரில் யாரையோ தேடுகிறவர்கள் எல்லோரும் என்னைக் கூப்பிட்டார்கள். ஒருவர் தன் பழைய பார்ட்னரை, ஒரு பாட்டு வாத்தியார் பாதி வர்ணத்தில் நின்றுவிட்ட மாணவியை, ஒரு பெண்மணி தன் நாயைக் குளிப்பாட்ட வருகிறவரை. "முத்தம்மாவைத் தேடித்தானான்னு பாரு" என்று அலுவலகத்தில் கேலி செய்வார்கள், ஒவ்வொரு முறை மணி அடிக்கும்போதும்.

டிசம்பர் பதினேழாம் தேதி, வியாழக்கிழமை பிற்பகல். குரல் மிகவும் களைத்திருந்தது.

"மேடம், முத்தம்மான்னு ஒருத்தங்க நம்பர். மாறிடுச்சுன்னு சொல்லுது."

"நிஷாவா?" என்றேன்.



"என் பேரு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"முத்தம்மா சொல்லியிருக்காங்க. உங்களைத் தேடிட்டு இருக்காங்க."

"அவங்க… நல்லா இருக்காங்களா?" என்று கேட்டவள் அழத் தொடங்கிவிட்டாள். செப்டம்பரில் ஒரு முறை கூப்பிட்டிருக்கிறாள். இல்லை என்று சொன்னதாம். அவருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்து இரண்டு நாள் சாப்பிடவில்லையாம். செவ்வாய்க்கிழமை பெண் குழந்தை பிறந்தது. இன்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். குழந்தையை எப்படித் தூக்குவது என்றே தெரியவில்லை. அவர் இருக்க மாட்டார் என்று தெரிந்தும், மனசு கேட்காமல் கணவனைக் குழந்தையோடு விட்டுவிட்டு இறங்கி வந்து அந்த எண்ணைப் போட்டிருக்கிறாள்.

நான் விலாசத்தை எழுதிக்கொண்டு, மாடியேறிப் போய்ப் படுக்கச் சொன்னேன். இனாயத் பாய் கடைக்குப் போன் செய்தேன். அவர் ரிசீவரை வைக்காமலேயே, "முத்துக்கா! அந்த முட்டாய்ப் பொண்ணு கெடச்சிருச்சு!" என்று கத்தியது எனக்கே கேட்டது. விலாசம் சொல்லி முடிப்பதற்குள் முத்தம்மாவின் மூச்சு இரைப்பு போனுக்கு வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை நான் போனேன். வடபழனியில், டிப்போவுக்குப் பின்பக்கம், மாடியில் ஓர் அறை. குளியலறை சின்னது என்பதால் முத்தம்மாவின் நீட்டிய கால்கள் வாசலுக்கு வெளியே வந்திருந்தன. குழந்தை அவற்றில் குப்புறக் கிடந்து யோசித்துக்கொண்டிருந்தது. நிஷா சுவரில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். "பாத்துக்கினே இருக்காத, இங்க வந்து கைய வை. கய்த்த இப்பிடித் தாங்கு. ஒடஞ்சிடாது" என்று அவள் கையைப் பிடித்து வைத்தார். நிஷாவின் கணவன் வெந்நீர்க் குண்டானைத் தூக்கிக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். "வெளக்கு புடிக்கிற மாதிரி நிக்காத நைனா. கீய வை" என்றார்.

குழந்தை தூங்கிய பிறகு நானும் அவரும் கீழே இறங்கினோம். படிக்கட்டுப் பக்கத்தில் ஒரு பெட்டிக்கடை, அதில் ஒரு ரூபாய் போட்டுப் பேசும் போன். புதிய பதிவை அவர் அதுவரை கேட்டதில்லை. இந்தப் போனிலிருந்துதான் நிஷா கூப்பிட்டாள் என்றதும், "எங்க, அந்த நம்பர அடி" என்றார்.

ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி முழுவதும் கேட்டார்.

"நல்லாத்தான் கீது" என்று திருப்பிக் கொடுத்தார். நாலு எட்டு நடந்தவர் நின்றார்.

"எனக்கோசரம் அத்த இன்னொரு வாட்டி பேசி மாத்திக் குடு கண்ணு. வேகமா பேசிட்ட. அதுங்க புள்ள பெத்த அப்பாலதான் கூப்புடும். ஒரு கையில போனு, ஒரு கை இடுப்புல. எத்தினில எய்தும்? நம்பர மெல்ல சொல்லு. ரெண்டு வாட்டி சொல்லு. அதுக்கும் முன்னாடி, சாப்ட்டியாம்மான்னு ஒரு வார்த்த கேட்டுட்டு சொல்லு."